கல்யாணம் முடியும் வரை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நீயும் வாலுவும் வாலுவின் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலைக்குப் போகிற உன் பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று நினைக்கிறேன். ஆனால் வாயில் வேறு பெயர் வர மாட்டேன் என்கிறது.

அப்பாவின் குரலைப் போனில் கேட்டால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடுவதில்லை, இனிமேல் எழுதிப் போடு என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். அவர் பேசுவது இப்போது பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் விளங்குகிறது. போனில் உனக்கு மூச்சு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கை நடுக்கம் முன்பு போலத்தான். நடைதான் மோசம். அறையை விட்டு வரும்போது நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார். பின்னால் நின்று "போலாம் ரைட்" என்று நான் குரல் கொடுத்தால் நகர்கிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்குக் கண்டக்டர் குரல்தான் பலிக்கிறது. முகம் பூட்டிக் கிடக்கிறது. சிரிக்கிறாரா, கோபமா என்று கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் யாராவது குறுக்கே ஓடினால் வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது.

புதிதாக ஒரு நரம்பு டாக்டரம்மா வந்திருக்கிறாள். இத்தனை வருஷமாகப் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்களே, இவள் அதோடு விடவில்லை. அப்பாவைத் தரையில் ஒரு கோட்டின் மேல் நடக்க வைத்தாள். கண்ணை இடமும் வலமும் ஓட்டச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டாள். அப்பாவின் தங்கையைப் பற்றிச் சொன்னேன். தெருவில் தள்ளாடிப் போவாள், குடிக்கிறாள் என்று ஊரே சிரித்ததே, அந்த அத்தை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்பாவிடம் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள்.

அப்பா உன்னைக் கேட்கிறார். முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இவ்வளவு பொடி எழுத்தில் எழுதுகிறாயே, வியாபாரத்துக்காகவா? கடைசிப் பத்தியைப் படிக்க வாலுவின் அம்மா பூதக்கண்ணாடி தேடினாள்.

நல்ல செய்தி. வாலுவுக்கு வரன் முடிந்துவிட்டது. பையன் கட்டட என்ஜினீயர். எங்கள் கம்பெனி லிஃப்ட் பராமரிக்கிற கட்டடம் ஒன்றில்தான் அவன் ஆபீஸ். ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவனை நான்தான் கதவை விலக்கிக் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். என் மாப்பிள்ளையைக் குழியிலிருந்து நானே தோண்டி எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஜூன் கடைசியில் கல்யாணம்.

சம்பந்தியம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நம்மோடு பேசிக்கொண்டே நம் நாக்கு, நகம், கண்ணின் வெள்ளை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறாள். அதனால்தான் சொல்கிறேன், அந்த டாக்டரிடம் உட்கார்ந்து குடும்பக் கதையெல்லாம் அளக்காதே. அத்தை குடித்தாள். அதற்கு இப்போது மரபணு என்று சாயம் பூச வேண்டாம். அப்பாவுக்கு எழுபத்தாறு. அந்த வயதில் கை நடுங்காமல் என்ன செய்யும்?

வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது. வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

அன்புள்ள,
தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

வாலுவின் கல்யாணச் செய்தியை அப்பாவிடம் சத்தமாக வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். நீ மாப்பிள்ளையை இழுத்துப் போட்ட இடத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அர்த்தம். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

சோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். நம் உடம்பை எழுதி வைத்திருக்கும் எழுத்தில் ஓர் இடத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று அடுத்தடுத்துத் திரும்ப வருமாம். எல்லோருக்கும் கொஞ்சம் வரும். அப்பாவுக்கு அளவுக்கு மீறி வந்திருக்கிறது. கண்டக்டர் ஒரே ஆளுக்கு ஒரே டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது போல என்று அப்பாவுக்குப் புரியும்படி நான் சொன்னேன். "அப்போ செக்கிங்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லு," என்றார்.

எது உறுதி, எது சந்தேகம் என்று டாக்டரிடம் கேட்டேன். "இது வேற ஒரு நோய்ல நாங்க பார்க்குற மாற்றம். அபூர்வமா சில குடும்பங்கள்ல பார்க்கின்சன் மாதிரியே வெளியே தெரியுது. அப்பாவுக்கு இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். காரணமா இருக்கலாம். உங்க அத்தையையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா அந்தச் சந்தேகம் கூடுது," என்றாள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைமுறை தாண்டும்போது அந்தச் சொல் இன்னும் நீளலாம். நீண்டால் இன்னும் சின்ன வயதிலேயே காட்டலாம். ஆனால் பெற்றவருக்கு இல்லை என்றால் பிள்ளைக்கும் அவர் வழியாக வராது. அந்தக் கிளையில் அதோடு தீர்ந்தது. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று சொல்வதும் அவரவர் உரிமை, யாரையும் கட்டாயப்படுத்தாதே என்றாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. வாலு குடும்பம் நடத்தப் போகிறவள். நீ ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டால் அவளுக்குப் பாதிச் சந்தேகமாவது தீரும் என்று மட்டும் சொல்கிறேன்.

வாலுவின் அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை நான் ஒருவன்தான் படித்தேன். இந்த மாதிரி இன்னொன்றை வீட்டு முகவரிக்கு எழுதாதே. இனிமேல் எழுதுவதானால் என் ஆபீசுக்குப் போடு. எனக்கு ஒன்றும் இல்லை. தினமும் இருபது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் நின்று வேலை பார்க்கிறேன். கை நடுங்குகிறவன் அங்கே நிற்க முடியாது.

ரத்தம் கொடுக்கிற பேச்சை விட்டுவிடு. டாக்டரே 'இருக்கலாம்' என்கிறாள். 'இருக்கலாம்' என்பதற்காக என் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறாயா?

இன்னொன்று. மனதில் வைத்துக்கொள்ளாதே, நல்லதற்குத்தான் சொல்கிறேன். போன தடவை நாங்கள் வந்திருந்தபோது நீ டீ கொண்டு வந்தாய். கோப்பையும் தட்டும் பேசிக்கொண்டே வந்தன. வாலுவின் அம்மா அன்றைக்கே கவனித்திருக்கிறாள். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். சம்பந்தியம்மா விட மாட்டாள். மண்டபத்தில் நீ ஒரு டம்ளரை எடுத்தால் போதும், அவளுக்கு மொத்தக் கதையும் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். பிறகு ஒரு நாள் வாலுவையும் மாப்பிள்ளையையும் அங்கே அழைத்துக்கொண்டு வருகிறேன். வருத்தப்பட மாட்டாய் என்று தெரியும். நீ எப்போதும் விட்டுக்கொடுக்கிறவள்.

தம்பி

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன். எல்லோரும் நலம்தானே?

நான் வரவில்லை. நீ கவனித்தது சரிதான். கடையில் என்னைப் பட்டறை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஃப்ரேமில் போடுகிற திருகாணி அரிசிமணியில் பாதிகூட இருக்காது. ஒன்றைப் பிடிப்பதற்குள் மூன்று தரையில் உருண்டு போகிறது. முதலாளி நல்லவர். ஒன்றும் சொல்லாமல் முன்பக்கம் உட்கார வைத்து, வருகிறவர்களுக்குக் கண்ணாடி காட்டும் வேலையைக் கொடுத்தார். அங்கேயும் ஒரு வாடிக்கையாளரின் காதில் ஃப்ரேமை மாட்டப் போய் மூக்கில் குத்திவிட்டேன். அவர் தன் கையாலேயே மாட்டிக்கொண்டார்.

நானும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும், நீ கேட்டால் சொல்கிறேன்.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்காகக் கேட்கிறேன். அவர் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். குரல் எழும்புவதற்காக ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், ஏதாவது ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு தினமும் உரக்கச் சொல்லுங்கள் என்றாள். அவர் எடுத்துக்கொண்ட வாக்கியம், "ரெண்டு பேரும் நல்லா இருங்க." காலையில் முகம் துடைத்துவிட்டதும் ஆரம்பிக்கிறார். முதல் வாரம் காற்றுதான் வந்தது. இப்போது சமையலறையில் இருக்கிற எனக்கே கேட்கிறது. பக்கத்து வீட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் சுவரின் அந்தப் பக்கமிருந்து, "நல்லா இருக்கோம் பெரியவரே," என்று பதில் கொடுக்கிறார்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கட்டும். அந்த ஆம்புலன்ஸ்காரர் தானே அழைத்து வந்து, தானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வதாக அப்பாவே சொல்கிறார்.

அன்புடன்,
அக்கா

மே 12

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம்.

அப்பா வருவது நடக்காது. கடைசி வரிசையோ முதல் வரிசையோ, சக்கர நாற்காலியை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்து யாராவது, பெரியவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்பார்கள். கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடு. அவருக்குத் தேதியெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது? உனக்குச் சமாளிக்க முடியாவிட்டால் அந்தச் சமயத்தில் முதியோர் இல்லம் எதிலாவது விட்டுவை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கல்யாணம் முடியும் வரை அங்கிருந்து எனக்கு எந்தச் செய்தியும் வரக் கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். அப்பாவுக்கே ஏதாவது ஆகிவிட்டாலும் சரி, முடிந்த பிறகு சொல். முன்னாலேயே தெரிந்தால் என்னால் நாலு பேர் முன்னால் முகத்தை வைத்துக்கொள்ள முடியாது. கல்யாணமும் நின்றுவிடும். உன்னை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

தம்பி

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். கல்யாண வேலையில் சாப்பாட்டை விட்டுவிடாதே.

நீ சொன்னபடியே அப்பாவிடம் சொன்னேன். முதியோர் இல்லம் தேவைப்படவில்லை. அவரால் எனக்கு இப்போது ஒரு சிரமமும் இல்லை. நடுக்கம் நின்றுவிட்டது. மாத்திரைகளையும் நிறுத்தியாயிற்று. கல்யாணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்பதில்லை. நீ நிம்மதியாக இரு.

வாலுவுக்கு என் அன்பு. முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு நிற்கட்டும்.

அக்கா

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? நாங்கள் ஆனந்தமாக இருக்கிறோம். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது. வாலு அழவே இல்லை. மாப்பிள்ளைதான் அழுதான். மண்டபத்து லிஃப்ட் முதல் நாள் மக்கர் பண்ணியது. வேட்டி சட்டையோடு நானே மோட்டார் அறையில் ஏறிச் சரி பண்ணிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சம்பந்தியம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டாள். மலைப்பக்கம் ஓய்வில் இருக்கிறார், இவ்வளவு தூரம் பயணம் ஆகாது என்றேன். நீ அவரோடு துணைக்கு இருப்பதாகச் சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாயே, பார்த்தாயா? மாத்திரையை விட்டதும் ஆள் தேறிவிட்டார். உன் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கேட்டு நான் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதோடு ஒரு போட்டோவும் இனிப்புப் பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு மென்மையானதாகப் பார்த்துக் கொடு. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வருகிறோம். இனி என்ன பயம்?

உன் அன்புள்ள,
தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

போட்டோ கிடைத்தது. வாலு நன்றாக இருக்கிறாள். நீயும் நன்றாக இருக்கிறாய்.

அப்பா மே மாதம் 29ஆம் தேதி பிற்பகலில் இறந்துபோனார். கல்யாணம் முடியும் வரை சொல்லக் கூடாது என்றாய். முடிந்துவிட்டது, சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவரிடம் கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது என்றேன். அப்போது அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். என் கையும் நிற்பதில்லை, அவர் தலையும் நிற்பதில்லை. இரண்டும் ஒத்துப் போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு இழுப்பாக இழுக்க வேண்டும். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு, "எனக்காகவா?" என்று கேட்டார். நான் பிளேடைத் தண்ணீரில் அலசினேன். "என் ஒடம்புக்காகத் தள்ள வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. நான் வரலேன்னா என்ன? பொண்ணு எத்தனை நாள் காத்திருப்பா?" என்றார். பயிற்சி கொடுத்த குரல் அல்லவா, தெளிவாக வந்தது. எனக்கு அது வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார். பேச்சுப் பயிற்சிப் பெண் கேட்டதற்கு, இப்போது அவசரம் இல்லை என்று கை காட்டினார். ஆம்புலன்ஸ்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

கூழாக்கிக் கொடுத்த சாப்பாடும் ஒரு நாள் தொண்டையில் இறங்காமல் மூச்சுக் குழாய்க்குள் போய்விட்டது. நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் போராடினார். கடைசி நாள், ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளே ஏதோ சொன்னார். குனிந்து காதை வைத்தேன். "அவனுக்குத் தகவல் குடுத்தியா?" என்று கேட்டார். குடுத்துட்டேன், வந்துக்கிட்டிருக்கான் என்றேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்டது. அதைக் கதவில் வைத்தபடியே போய்விட்டார். நடுக்கம் அப்போதுதான் நின்றது. நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

என் முதலாளி, ஆம்புலன்ஸ்காரர், டாக்டரம்மா, நான். மயானத்தில் நாலு பேர் இருந்தோம். பிள்ளை இல்லையா என்று அங்கே வேலை செய்கிறவர் கேட்டார். இருக்கிறான், வீட்டில் கல்யாணம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இனிப்புப் பெட்டியைக் கடையில் கொடுத்துவிட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கும் இருக்கிறது. அந்தச் சொல் அப்பாவுடையதைவிட நீளமாம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தாய். வருவதானால் முன்கூட்டியே சொல்.

அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றே கிழித்துப் போட்டேன். அதனால்தான் இத்தனை மாதம் பதில் எழுதவில்லை. சொல்லாதே என்று ஒருவன் பதற்றத்தில் எழுதினால் அதை அப்படியே செய்துவிடுவதா? பெற்ற அப்பாவுக்குக் கடைசிக் காரியம் செய்ய விடாமல் பண்ணிவிட்டாய். இங்கே எல்லோரிடமும் அப்பா ஆகஸ்டில், தூக்கத்தில், வயதாகி இறந்தார் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது வேறு வழியில்லை.

வாலு முழுகாமல் இருக்கிறாள். நாலாவது மாதம். போன வாரம் சம்பந்தியம்மா வந்திருந்தாள். மொட்டை மாடியில் நான் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நடக்கும்போது உங்க இடது கை வீச மாட்டேங்குதே, எத்தனை நாளா?" என்று கேட்டாள். தோள்பட்டையில் பிடிப்பு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கே வாலுவிடம் உங்கள் தாத்தாவுக்கு என்ன நோய் என்று கேட்டிருக்கிறாள். வாலு என்னிடம் கேட்டாள். வயது என்றேன். அவள் நம்பவில்லை. அத்தையைக் கேட்கிறேன் என்கிறாள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? மார்ச்சில் உன் கடிதம் வந்த வாரமே நான் இங்கே போய் ரத்தம் கொடுத்தேன். இல்லை என்று வந்தால் உன் முகத்தில் விட்டெறியலாம் என்றுதான் கொடுத்தேன். மே மாதம் முடிவு வந்தது. இருக்கிறது என்று வந்தது. அதற்கு மறுநாள்தான் அப்பா வர வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் நான் எப்படி ஆவேன் என்று தெரிந்துவிடும்.

வாலுவின் அம்மாவுக்கும் தெரியாது. நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தேன் என்று வாலுவுக்குத் தெரிந்தால் அவள் என்னை அப்பா என்று கூப்பிட மாட்டாள். அவள் உன்னிடம் வந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல். தாத்தாவுக்கு வயது, வேறு ஒன்றும் இல்லை. நீ சொன்னால் நம்புவாள். உன் கையைப் பற்றிக் கேட்டால் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள். நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

தம்பி

நவம்பர் 8

தம்பிக்கு,

உன் கடிதம் காலையில் கடை முகவரிக்கு வந்தது. படித்துவிட்டு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் வாலு வந்து நின்றாள். முன்னால் சொல்லவில்லை. மெலிந்திருக்கிறாள். வயிறு லேசாகத் தெரிகிறது.

வந்ததும் தாத்தாவின் அறையைத்தான் திறந்து பார்த்தாள். காலியாக இருந்த ஜன்னலோரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். தாத்தா எப்போது இறந்தார் என்று கேட்டாள். மே மாதம் என்றேன். அப்பா ஆகஸ்ட் என்றாரே என்றாள். மே மாதம்தான் என்று மறுபடியும் சொன்னேன். தேதிக்காக என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னால் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கேட்கவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை என்றும் என்னைக் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

பிறகு நோயைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். தாத்தா, தாத்தாவின் தங்கை, நான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். இருந்தால் வந்தே தீரும் என்று அவள் சத்தியம் பண்ணவில்லை என்பதையும் சொன்னேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது நிற்கவில்லை. அவள் கையும் சேர்ந்து ஆடியது. விடாமல் பிடித்துக்கொண்டே, "அப்ப எனக்கு?" என்று கேட்டாள்.

உன் அப்பாவுக்கு இல்லை என்றால் உனக்கும் குழந்தைக்கும் இந்த வழியாக வராது என்றேன். டாக்டர் சொன்ன பதில் அதுதான்.

தம்பி, அவள் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாவுக்கு இருக்காது அத்தை. போன வாரம்கூட லிஃப்ட் கூண்டு மேல ஏறி நின்னு வேலை பார்த்தாரு. தோள்பட்டையிலதான் ஏதோ பிடிப்பு. அவரை ஒரே ஒரு தடவை ரத்தம் குடுக்கச் சொன்னாப் போதும், இல்லையா?" என்றாள். போதும் என்றேன். "அப்பா ஏற்கெனவே குடுத்திருக்காரா?" என்று கேட்டாள்.

உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. பை அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுக்க எனக்கு ஆசையாக இருந்தது. அப்பா கதவையே பார்த்துக்கொண்டு கிடந்ததை நினைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. "உங்கப்பாகிட்டயே கேளு," என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. நீ இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள். பசிக்கிறது என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வாந்தி எடுக்காமல் இத்தனை நாளில் இன்றைக்குத்தான் சாப்பிடுகிறேன் என்றாள். பெண் பிறந்தால் என்ன பெயர், பையன் பிறந்தால் என்ன பெயர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கட்டிலில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நம்பிக்கையை நான் உடைக்கவில்லை. என்னிடமிருந்து கேட்டால் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். உன்னிடமிருந்து கேட்கட்டும். என்னை நீ இரக்கமில்லாதவள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

சம்பந்தியம்மாவுக்கு அவளே எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அப்பாவின் முடிவு வந்ததும் மாமியார் நிம்மதியாகிவிடுவார் என்கிறாள். டாக்டரம்மாவிடம் பேசி, உங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் அடுத்த வாரத் திங்கட்கிழமைக்கு உனக்கு நேரம் வாங்கிவிட்டாள். உன்னை அங்கே அழைத்துப் போக அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறாள். அதுவரை இங்கே என்னோடு இருக்கிறவளைக் கூட்டிவர மாப்பிள்ளையும் வருகிறான்.

ஸ்டேஷனுக்கு நீயே போ. பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள், கனம் தூக்கக் கூடாது. வழியில் ஒன்றும் சொல்லாதே. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடிக்கட்டும். அவளாகவே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பாள். அப்போது சொல்.

அக்கா